ஐம்பது தோட்டா, ஒரு காகிதத் தட்டு

வானொலியில் வேலை பார்ப்பவளுக்குக் காதுதான் சோறு போடுகிறது. அதனால் நியூசிலாந்தில் வசிக்கும் பெரியப்பா மகன், "நாளைக்குத் துப்பாக்கி சுடப் போறேன், நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்த பயம் உயிரைப் பற்றியது அல்ல, காதைப் பற்றியது. என் 12 வயது மகனுக்கு எந்தப் பயமும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

"ஷூ போட்டுட்டு வாடா," என்றார் அண்ணன்.

"துப்பாக்கிக்கும் ஷூவுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"சுட்டதும் சூடான கூடு தெறிச்சு வந்து கால் மேல விழும். அப்ப தெரியும் சம்பந்தம்."

மலேசியாவில் வளர்ந்த நமக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் இடுப்பில் இருப்பது, நகைக்கடை வாசலில் காவலாளி பிடித்திருப்பது, ஃபன் ஃபேரில் கார்க் வைத்துச் சுட்டுப் பொம்மை வாங்குவது, அவ்வளவுதான். அண்ணன் இருக்கும் வைக்காட்டோ வட்டாரம் மாட்டுப் பண்ணை தேசம். நம் தோட்டப்புறத்தில் பாராங் இருப்பதுபோல அங்கே பண்ணை வீடுகளில் ஒரு சிறிய ரைஃபிள் இருக்கும். புல்வெளியைத் தின்று தீர்க்கும் முயல்களுக்காக வைத்திருப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ரைஃபிள் பொழுதுபோக்குக்கும் வெளியே வரும்.

ஆனால் அங்கேயும் நினைத்தவர்கள் நினைத்தபடி சுட முடியாது. உரிமம் வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் வீட்டில் தனித்தனியாகப் பூட்டி இருக்கவேண்டும். உரிமம் இல்லாத எங்களைப் போன்றவர்கள், உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தால்தான் சுடலாம். 2019 மார்ச் 15ஆம் தேதி கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை அந்நாடு தடை செய்துவிட்டது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளாத சிறிய ரிம்ஃபயர் வகைக்கு மட்டும் விலக்கு. அண்ணனிடம் இருப்பது அதுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ரகம்.

ரிம்ஃபயர் என்றால் என்ன? தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தால் பொறி பறக்கும் அந்த மருந்து, பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவே தனிக் குமிழாகப் பொருத்தப்பட்டிருக்கும். ரிம்ஃபயரில் அப்படித் தனியாக எதுவும் கிடையாது. தோட்டாவின் அடியில் இருக்கும் மெல்லிய விளிம்புக்குள்ளேயே மருந்து இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். தயாரிக்க மலிவு, ஆனால் ஒரு முறை சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. இந்த வகையில் உலகெங்கும் அதிகம் ஓடுவது .22 லாங் ரைஃபிள். 1887இல் வந்தது, இன்னும் அசையவில்லை. ஈயக் குண்டின் எடை பெரும்பாலும் 2.6 கிராம்தான்.

பண்ணையின் ஓரத்தில் ஒரு மண்மேடு. அதுதான் எங்கள் அரங்கம். குளிர்காலக் காலை, 8 டிகிரி. மடக்கு மேசையில் அண்ணன் நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் 50 தோட்டா. ஒன்று மொத்தமாக வாங்கும் மலிவு ரகம், செம்புப் பூச்சு போட்டது, அதிவேகம். இரண்டாவது 'ஸ்டாண்டர்ட்' என்று எழுதிய மலிவுப் பெட்டி. மூன்றாவதும் ஸ்டாண்டர்ட்தான், கொஞ்சம் விலை கூட. நான்காவது போட்டிக்காரர்கள் வாங்குவது. முதல் பெட்டியைப் போல மூன்று நான்கு மடங்கு விலை.

"எது நல்லது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. துப்பாக்கியைத்தான் கேக்கணும்."

மணல் மூட்டை மேல் ரைஃபிளைச் சாய்த்து, 50 மீட்டரில் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஐந்து ஐந்தாகச் சுட்டார். பெட்டி மாறும்போதெல்லாம் முதல் சில தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் குண்டின்மேல் பூசும் மெழுகு வேறு வேறாம். குழாய் புது மெழுகுக்குப் பழகிய பிறகே அசல் நிலவரம் தெரியுமாம்.

நான் காதுக் கவசத்தோடு பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். .22 சிறியதுதானே என்று யாரும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கவேண்டாம். அதன் ஓசையே 140 டெசிபல் அளவுக்குப் போகக்கூடியது. கவசத்தையும் மீறி எனக்கு ஒரு வித்தியாசம் கேட்டது. முதல் பெட்டி ஐந்து முறையும் 'படீர்' என்று சாட்டையைச் சொடுக்கியது. மூன்றாவதும் நான்காவதும் 'டப்', 'டப்' என்று கதவைத் தட்டுவது போல. இரண்டாவது பெட்டிதான் வினோதம். டப், டப், படீர், டப், படீர்.

சொன்னதும் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "உனக்குக் கேட்டுச்சா?"

விஷயம் இதுதான். குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் சாட்டையடி போல ஒரு வெடிப்பு எழும். அன்றைய குளிரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 336 மீட்டர். அதிவேக ரகம் 370ஐத் தாண்டிப் போகும், அதனால் எப்போதும் படீர். ஸ்டாண்டர்ட் ரகம் 325, 330 என்று ஒலிக்குச் சற்றுக் கீழே ஓடும்படி செய்தது, அதனால் டப். ஒரே பெட்டியில் இரண்டும் கேட்டால் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுகிறது என்று அர்த்தம். (நம் ஊரின் 31 டிகிரி வெயிலில் ஒலி 350 மீட்டருக்கு ஓடும். அங்கே இதே பெட்டி ஒழுங்குப் பிள்ளையாக டப் டப் என்றே இருந்திருக்கும், குறை என் காதுக்குச் சிக்கியிருக்காது.)

வேகம் மாறினால் என்ன? 325க்கும் 340க்கும் இடையே 50 மீட்டர் தூரத்தில் குண்டு ஒரு சென்டிமீட்டர் மேலே கீழே போய்விடும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு கொண்டைக்கடலை. வேகத்திலேயே அந்தக் கடலை போய்விடுகிறது. கை நடுக்கம், காற்று எல்லாம் பிறகு.

காகிதத்தைக் கொண்டுவந்து அளந்தோம். ஐந்து ஓட்டைகளில் ஒன்றுக்கொன்று அதிகம் விலகியிருந்த இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளவு. மலிவு அதிவேகம் 45 மில்லிமீட்டர். தாளம் தப்பிய இரண்டாவது 38. போட்டி ரகம் 19. மூன்றாவது பெட்டி, நடுத்தர விலை, 17.

"அப்ப இதுதான் நல்ல தோட்டாவா மாமா?"

"இந்தத் துப்பாக்கிக்கு. பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியில போட்டா இது சொதப்பலாம்."

இதில் மிகை இல்லை. ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரண்டு துப்பாக்கிகளுக்குக்கூட ருசி வேறு. ஈலி, லாபுவா போன்ற நிறுவனங்கள் இதற்காகவே பரிசோதனைக்கூடம் வைத்திருக்கின்றன. பெரிய வீரர்கள் தங்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்கிவருகிறார்கள். (அலமாரியில் ஈலி பெட்டியின் ஆங்கில எழுத்தைப் பார்த்து என் மகன் "எலித் தோட்டா" என்றான். அன்று முழுவதும் அதே பெயர்தான்.) நம்மைப் போன்றவர்களுக்கு அண்ணனின் வழி போதும். நாலைந்து ரகத்தில் ஒவ்வொரு பெட்டி. எது பிடிக்கிறதோ, பெட்டியின் மேல் அச்சிட்ட அதே தொகுதி எண்ணில் ஐந்நூறு. விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறுவார்கள் என்பது நான் கண்ட வரையில் உண்மை.

மலிவு அதிவேகப் பெட்டிக்கும் இடம் உண்டு. தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கு அந்த உந்துதல் தேவை, மென்மையான ரகம் போட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். 15 மீட்டரில் டின் உருட்ட ஐந்து ஐந்தாக அளந்து பார்க்கவும் வேண்டியதில்லை. நூறு மீட்டருக்குப் போனால்தான் கதை மாறும். 50க்குச் சரிசெய்த .22 அங்கே ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கிவிடும்.

இலக்கு விஷயத்தில் அண்ணன் ஒரு காசு செலவழிப்பதில்லை. பிறந்தநாள் விருந்தில் மிச்சமான காகிதத் தட்டு, நடுவில் எழுதுபொருள் கடையின் வட்ட ஸ்டிக்கர். பழைய அட்டைப்பெட்டியில் அதைக் குத்தி வைத்தால் முடிந்தது. சீட்டுக்கட்டில் தொலைந்ததுபோக மீதமிருக்கும் சீட்டுகள் அருமையான இலக்கு. கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைக் கம்பியில் தொங்கவிட்டால் பட்டதும் தூளாகும், பொறுக்கவும் வேண்டாம், பறவைகள் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிய பானக் கேன் பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் கிழிந்த தகரத்தை ஒன்று விடாமல் பொறுக்கவேண்டும், மாடு மேய்கிற இடம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. பளிச்சென்ற மஞ்சள் அட்டைமேல் கண்ணாடி ஒட்டுநாடாவை முழுக்க ஒட்டி, அதன்மேல் மினுமினுப்பில்லாத கறுப்புச் சாயம் அடித்துக் காயவிடுவது. குண்டு பட்ட இடத்தில் சாயம் உதிர்ந்து மஞ்சள் பொட்டு தெரியும். ஒவ்வொரு தடவையும் நடந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. கடையில் இதையே பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

கண்ணாடிப் பாட்டிலை மட்டும் அவர் தொடவிடவில்லை. கல்லும் கூடாது, குளத்துத் தண்ணீரும் கூடாது. கடினமான எதிலும் பட்டு .22 எந்தப் பக்கமும் தெறிக்கும், தண்ணீரின் மேற்பரப்பில்கூட வழுக்கிப் பறக்கும். இந்தச் சின்னக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. இலக்கு காகிதமாக இருக்கலாம், பின்னால் மண்மேடு இருந்தே ஆகவேண்டும். கண்ணாடி, காதுக் கவசம் எல்லாருக்கும். அண்ணி கட்டித் தந்த புளிச்சோற்றைப் பிரிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். ஈயம் விரலில் ஒட்டியிருக்கும்.

சாப்பிட்ட பிறகு மூன்றாவது பெட்டியை முடித்துவிடுவது என்று என் மகன் உட்கார்ந்தான். ஒரு முறை விசையை இழுத்தான். 'க்ளிக்.' ஒன்றும் இல்லை.

"அசையாத. அப்படியே மண்ணைப் பாத்துப் பிடி," என்றார் அண்ணன். தாமதமாக வெடிக்கக்கூடும். முப்பது வரை எண்ணினார். பிறகு போல்ட்டைத் திறந்ததும் தோட்டா விழுந்தது. விளிம்பில் ஊசியின் தடம் தெளிவாக இருந்தது. ஈர மருந்தைக் கூட்டுக்குள் இட்டுச் சுழற்றித்தான் விளிம்புக்குள் பரப்புகிறார்கள். எங்காவது ஓர் இடத்துக்கு மருந்து போய்ச் சேராவிட்டால், அங்கேயே ஊசி அடித்துவிட்டால் இப்படி ஆகும். "அந்த டின்ல போட்டுடு," என்று மகனிடம் சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அன்று இரவு, விமானத்துக்கு 11 மணி நேரம் இருக்கும்போது, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் சாப்பாட்டு மேசையில் வெற்றுக் கூடுகளைப் பெட்டிகளின் பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். சுட்டதையெல்லாம் வந்த இடத்திலேயே திரும்ப வைப்பது அவர் வழக்கம். மூன்றாவது பெட்டியில் 49 துளை நிறைந்தது. ஒன்று காலி. அது வெடிக்காத தோட்டாவுக்கானது என்று டின்னைத் திறந்தார். டின்னில் எதுவும் இல்லை.

"தம்பி," என்று கூப்பிட்டார். கத்தவில்லை.

மகன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அது செத்துப்போன தோட்டாதானே மாமா. ஸ்கூல்ல காட்டலாம்னு..."

எனக்குக் கால் உதறியது. வெடிக்காத தோட்டா செத்த தோட்டா அல்ல, உள்ளே மருந்து அப்படியே இருக்கிறது. விமானப் பெட்டியில் அது அகப்பட்டால் எந்த நாட்டு அதிகாரியும் சிரிக்கமாட்டார். மலேசியாவிலோ, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏர்கன்னுக்கே உரிமம் கேட்கும் நாடு நம்முடையது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 8 மாதக் கர்ப்பத்தோடு ஏர் ரைஃபிள் சுட்ட நூர் சூரியானி தைபி இந்த மண்ணில்தான் உருவானார். ஆசை இருப்பவர்களுக்குத் துப்பாக்கி சுடும் சங்கங்கள் உண்டு, அந்த வழியாகப் போகலாம். வெளிநாட்டுப் பண்ணையில் பொறுக்கிய ஞாபகப் பொருளோடு கேஎல்ஐஏவில் இறங்கத்தான் வழியில்லை. வெற்றுக் கூடாக இருந்தாலும் சரி.

குளிர்ச்சட்டையின் உள்பாக்கெட்டிலிருந்து மகன் அதை எடுத்து வந்து கொடுத்தான். காலையில் அவன் போட்டுக்கொள்வதற்காக நாற்காலியில் மாட்டி வைத்திருந்த சட்டை. அண்ணன் அதை டின்னில் போட்டு, தோட்டா இருக்கும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுது. சுட்டது 49. வெடிக்காதது ஒன்னு. மொத்தம்?"

"ஐம்பது."

நான் கட்டிய மூன்று பெட்டிகளையும் தரையில் கொட்டி, சாக்ஸ் வரை உதறிப் பார்த்துவிட்டு, மறுபடி மடிக்க ஆரம்பித்தேன். மணி பன்னிரண்டு. அண்ணி டீ போட்டுக் கொண்டு வந்தார்.