மஞ்சள் பூவின் மறுபக்கம்

கல்லீரலைக் காக்கும் கீரைக்கும் அதைக் கெடுக்கும் காட்டுச் செடிக்கும் பூவின் நிறம் ஒன்றுதான்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மான்குர்த்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலை ரயில்களில் கூட்டத்தின் தினுசே மாறிவிடும். புளிசாதப் பொட்டலமும் குடையுமாகக் குடும்பங்கள் கிளம்புகின்றன. 1992ல் வாஷிவரை தண்டவாளம் நீள்வதற்கு முன் ஹார்பர் லைனின் கடைசி நிலையமாக இருந்த ஊர் இது. இன்று கழிமுகப் பாலத்தைத் தாண்டிப் பன்வேல் போய், அங்கிருந்து மலையேறிவிடலாம்.

மழை சற்று ஓய்ந்ததும் அந்த மலைகள் மஞ்சளாகின்றன. காரணம், மராத்தியர்கள் 'சோன்கி' என்று அழைக்கும் ஒரு சிறு செடி. தாவரவியலில் இதன் பெயர் செனேசியோ பாம்பேயென்சிஸ். பெயரிலேயே பம்பாயைச் சுமக்கும் இந்தச் செடி, மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளர்கிறது. 2012ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 39 மேற்கு மலை இடங்களில் ஒன்றான சாத்தாரா மாவட்டத்துக் காஸ் பீடபூமியிலும் செப்டம்பரில் இதன் ஆட்சிதான்.

செனேசியோ என்பது சூரியகாந்திக் குடும்பத்தின் பெரிய பேரினங்களில் ஒன்று. உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நீலகிரியிலும் இதன் சொந்தங்களைப் பார்க்கலாம். லத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் கிழவர். பூ முதிர்ந்ததும் விதைகளின் தலையில் முளைக்கும் வெண்பஞ்சுதான் இந்தப் பெயருக்குக் காரணம். அந்தப் பஞ்சைப் பிடித்துக்கொண்டே விதைகள் காற்றில் ஊர் ஊராகப் போகின்றன.

பார்க்க அழகுதான். பறித்துச் சமைக்க நினைத்தால்தான் ஆபத்து. இந்தப் பேரினத்தின் பல இனங்களில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருட்கள் இருக்கின்றன. இவை தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம். உடலுக்குள் போனதும் இவற்றை முழு விஷமாக மாற்றுவது நம் கல்லீரலேதான். அதனால் முதல் அடியும் கல்லீரலுக்கே விழுகிறது. அதன் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு, வயிற்றில் நீர் கோத்து வீங்குகிறது. சிறு அளவில் பல நாள் தின்றாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும்.

தென்னாப்பிரிக்காவில் கோதுமையோடு கலந்துவிட்ட செனேசியோ, ரொட்டி வழியாக ஏழைக் குடும்பங்களின் கல்லீரலைக் கெடுத்ததை 1920லேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ரொட்டி சுட்ட சூடு விஷத்தை முறிக்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் அரிசோனாவில், இருமலுக்கு நல்லது என்று பெயரெடுத்த வேறொரு மூலிகை என நம்பிச் செனேசியோ இலைக் கஷாயம் கொடுக்கப்பட்ட கைக்குழந்தை இறந்தது. அதே காலகட்டத்தில் மத்திய இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் சாமையோடு கிலுகிலுப்பை விதை கலந்ததால் பலர் உயிரிழந்தார்கள். கிலுகிலுப்பை வேறு குடும்பத்துச் செடி. ஆனால் விஷம் அதே வகை.

தமிழர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ளக் காரணம் உண்டு. வள்ளலார் போற்றிய கரிசலாங்கண்ணி நமக்கு வீட்டு வைத்தியம். அதிலும் மஞ்சள் கரிசலாங்கண்ணியை மஞ்சள் காமாலைக்கும் கல்லீரல் பலத்துக்கும் தேடிப் பறிப்பவர்கள் பலர். ஊரில் வரப்போரம் கண்டு பழகிய கண், வேற்று மண்ணில் வேறொரு மஞ்சள் பூவை அதுவென்று எண்ணிவிட்டால், கல்லீரலுக்கு மருந்தென்று தின்பது கல்லீரலுக்கே வினையாகும்.

அடையாளம் காண்பது கஷ்டமல்ல. மஞ்சள் கரிசலாங்கண்ணி ஈரத் தரையில் படர்ந்து, கணுக்களில் வேர்விடும். இலைகள் எதிரெதிராக இருக்கும். நீண்ட காம்பில் பூ தனியாக நிற்கும். சோன்கி நிமிர்ந்து வளரும். இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். உச்சியில் பூக்கள் கொத்தாக இருக்கும். விதையில் வெண்பஞ்சு உண்டு.

நகரத்துக்குள் இன்னொரு மாறாட்டமும் காத்திருக்கிறது. பூங்காக்களிலும் சாலைத் தடுப்புகளிலும் தரைவிரிப்பாக நடப்படும் ஸ்பாக்னெடிகோலா டிரைலோபாட்டாவும் படர்ந்து மஞ்சளாய்ப் பூக்கும். ஆனால் இது மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது நம் கரிசலாங்கண்ணி அல்ல.

சரியான செடியே கிடைத்தாலும் பறிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். தண்டவாள ஓரமும் சாக்கடைக் கரையும் கீரை பறிக்கும் இடங்களல்ல. 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமந்த தேவ்னார் கிடங்கு மான்குர்த்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கழிவு ஊறிய மண்ணின் உலோகங்கள் இலைகளில் ஏறும்.

கரிசலாங்கண்ணி வேண்டுமென்றால் ஊரிலிருந்து ஒரு கொடியைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தால் போதும், வாசலிலேயே தழைக்கும். காமாலை கண்டால் கீரையை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போவதே முறை. சோன்கியை மலையிலேயே கண்ணாரப் பார்த்துவிட்டு வாருங்கள். அது அங்கே வண்டுகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் விருந்து வைத்துக்கொண்டிருக்கிறது.