பெயர் அச்சேறாத விரல்கள்

உறையிட்ட கீபோர்டைத் தோளில் சுமந்து, செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் மின்ரயிலுக்காகக் காத்து நிற்கும் இளைஞர்களை நாம் காண்கிறோம். ஆலயத்தில் பாடியவரைப் பாராட்டும் நாம், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே பாட்டைத் தாங்கியவரின் பெயரைக் கேட்டறிவதில்லை. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நெடுங்காலம் இதுவே வழக்கமாயிருந்தது. அங்கே பெயரின்றி வாசித்த சிறுவன் ஒருவனைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-இல் அவர் மறைந்தபோது மகன் திலீப்புக்கு வயது ஒன்பது. தாயும் நான்கு பிள்ளைகளும் கொண்ட அக்குடும்பத்துக்கு எஞ்சியவை தந்தையின் இசைக்கருவிகளே. அவற்றை விற்று வட்டியில் வாழலாம் என்று யோசனை கூறியோரும் உண்டு. தாய் இணங்கவில்லை; மகன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்றார். கருவிகள் வாடகைக்குச் சென்றன, அடுப்பும் எரிந்தது. கணக்குப் பார்ப்போர் எவரும் அன்று அதை விவேகமென்று சொல்லியிருக்கமாட்டார்கள்!

பதினொரு வயதளவில் திலீப் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கினார். எம்.எஸ். விஸ்வநாதன், ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி ஆகியோருக்கும் வாசித்தார். பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. அக்காலத்தில் ஒலிப்பதிவென்றால் வயலின்காரர் முதல் தாளக்காரர் வரை ஒரே கூடத்தில் அமர்ந்து, எழுதித் தந்த சுரக்குறிப்பைப் பார்த்து ஒருசேர வாசிப்பதாகும். ஒருவர் விரல் பிசகினாலும் அனைவரும் மீண்டும் தொடங்கவேண்டும். பிசகினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பர். செம்மையாக வாசித்தாலோ எவரும் கவனியார்.

1980-களின் பிற்பகுதியில் அவர் விளம்பரப் படங்களுக்கு இசையமைக்கத் தொடங்கினார். இசுலாம் தழுவி ஏ.ஆர். ரஹ்மான் எனப் பெயர் கொண்டதும் அக்காலத்தை ஒட்டியே. 1989-இல் தம் இல்லத்தருகிலேயே 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். பெரிய குழுவின்றித் தனியொருவராக, ஓர் ஒலியின்மேல் மற்றோர் ஒலியை அடுக்கிப் பார்க்க அங்கே இயன்றது. பிறர் குறிப்பை வாசித்த விரல்களுக்குச் சொந்தமாகத் தேடவும் பொழுது கிடைத்தது. 1992-இல் 'ரோஜா' வெளிவந்தது. அதன் பிறகு நடந்ததை வாசகர்கள் நன்கறிவர்.

நாம் சொல்ல விரும்புவது 1995-இல் வந்த 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசையையே. பம்பாய்க் கலவரங்களைப் பின்னணியாகக் கொண்ட அப்படத்தில், ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீளும் இவ்விசையில் சொல் ஒன்றுமில்லை. எவரையும் குற்றஞ்சாட்டாமல், அழுது ஓய்ந்த வீட்டில் யாரோ மெல்லப் பேசுவதுபோல் அது ஒலிக்கிறது. மொழி இல்லாததால் அதற்கு எல்லையும் இல்லாமற் போயிற்று. தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996), பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமானின் 'டிவைன் இன்டர்வென்ஷன்' (2002), ஆயுத வியாபாரி ஒருவனைப் பற்றிய ஹாலிவுட் படமான 'லார்ட் ஆஃப் வார்' (2005) ஆகியவற்றிலும் அது எடுத்தாளப்பட்டது.

கீபோர்டுக் கலைஞராய் வளர்ந்தவர், அந்த இசையின் முதன்மைக் குரலைத் தம் கீபோர்டுக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்தார்; வாசித்தவர் நவீன் குமார். ரஹ்மானின் ஒலிநாடாக்களிலும் குறுந்தகடுகளிலும் உறைத்தாளைப் பிரித்தால், குழல் யார், கிட்டார் யார், தாளம் யார் என்று வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும்.