மலிவு டேப்லெட்டில் கல்வெட்டுத் தொகுதிகளைப் படிப்பது எப்படி?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் நின்றிருந்தேன். பல்லவ வம்சக் கதையைச் சிற்பத் தொடராகச் சொல்லும் சுவர் அது. ஒரு பகுதியில் சிற்பங்களோடு எழுத்தும் உண்டு. பரமேசுவரவர்மன் இறந்தபின் நாடு அரசனில்லாமல் தவித்தது, ஹிரண்யவர்மனிடம் ஆட்கள் போய்க் கேட்டது, அவர் பிள்ளைகளில் 12 வயதுப் பல்லவமல்லன் முன்வந்தது எல்லாம் அதில் வரும். கல் தேய்ந்துவிட்டது. அச்சிட்ட வாசகம் கையில் இருந்தால்தான் எழுத்து பிடிபடும்.

வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் நான்காம் தொகுதியில் 135ஆம் எண். பிடிஎஃப் என் டேப்லெட்டில் இருந்தது. திறந்தேன், வெள்ளைத் திரை. வட்டம் சுத்திக்கிட்டே இருந்தது. "என்ன சார், சிக்னல் இல்லையா?" என்றார் காவலர். பக்கம் வருவதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது.

என் டேப்லெட் 8 அங்குலம், 3 ஜிபி ரேம், 1280×800 திரை. வீட்டில் வேறு வாங்கச் சொன்னார்கள். தேவையில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். ஆப்பை மாற்றிப் பார்ப்பதும் பாதித் தீர்வுதான். சிக்கல் கோப்பில் இருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480×3508 புள்ளிகள். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால், விரித்த பிறகு ஒரே பக்கம் ஏறக்குறைய 35 எம்பி. இன்டர்நெட் ஆர்க்கைவ் தரும் பிடிஎஃப்களில் பல, ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டவை. கோப்பு சின்னதாகத் தெரியும், ஆனா விரிக்க நிறைய கணக்கு வேலை. மலிவு பிராசஸர் அங்கேதான் மூச்சு வாங்குது. இத்தனைக்கும் கடைசியில் திரைக்கு வேண்டியது 800 புள்ளி அகலம் மட்டும். அதிலும் ஒரு பங்கு பழுப்பேறிய வெற்று ஓரம்!

அதனால் முதல் வேலையை மடிக்கணினியில் முடித்துவிடுகிறேன். வேண்டிய பக்கங்களை மட்டும் பிரித்து, ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் ஓரம் வெட்டி, சாய்வு நிமிர்த்தி, கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறேன். புள்ளிக்கு ஒரு பிட் போதும், அதாவது முன்பு இருந்ததில் 32இல் ஒரு பங்கு. பாவு ஒழுங்கா இல்லாமல் தறியில் உட்கார்ந்து என்ன பயன் என்று எங்க ஊரில் யாரும் கேட்பார்கள்.

படிக்க கோரீடர். எஃப்-ட்ராய்டில் இலவசம், விளம்பரம் கிடையாது. முகப்பு அழகில்லை, முதல் இரண்டு நாள் எரிச்சல் வரும், பொறுத்துக்குங்க. எழுத்தைக் கறுப்பாக்கலாம், ஓரத்தைத் தானே வெட்டும். எனக்கு முக்கியம் அதிலுள்ள ரீஃப்ளோ. படப் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் துண்டுப் படமாக வெட்டி, பெரிதாக்கி, திரை அகலத்துக்கு மறுபடி அடுக்குகிறது. சொல்லைப் படிக்க முயல்வதே இல்லை என்பதால் தமிழா ஆங்கிலமா என்ற கவலை அதற்கு இல்லை. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இது வரம். அடிக்குறிப்பு நிறைந்த பக்கங்களில் மட்டும் குழம்பும், அங்கே அணைத்துவிடணும்.

தேடுவதற்கு ஓசிஆர் வேணும். டெஸராக்ட் தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. கல்வெட்டுத் தொகுதிகளில் கிரந்த எழுத்து வரும் இடத்தில் உளறும், அதைக் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை. இலக்கியத்துக்கு இந்தப் பாடே வேண்டாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த நூல்களே கிடைக்கின்றன. அவற்றை இதே டேப்லெட் நொடியில் திறக்கும்.

குறிப்புகள் விஷயத்தில் சூடு பட்டிருக்கிறேன். பழைய டேப்லெட்டின் பேட்டரி உப்பி, ஒரு நாள் அணைந்தது, எழவே இல்லை. நாலு மாதம் கோடு போட்டு எழுதிய குறிப்புகள் ஒரு ஆப்பின் உள்ளறையில் இருந்தன. நகல் எடுத்து வைக்காதது என் தப்பு. கல்லில் இருப்பது 1200 வருஷம் தாண்டி நிற்குது, என் குறிப்பு நாலு மாதம்கூட நிற்கலை.

கோரீடர் நாம் போடும் கோடுகளைப் புத்தகத்தின் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் வைக்கிறது, வெறும் எழுத்துக் கோப்பாகவும் ஏற்றுமதி செய்யும். என் சொந்தக் குறிப்புகளை மார்க்கோரில் எழுதுகிறேன். அதுவும் சாதா எழுத்துக் கோப்புதான். இரண்டையும் சிங்க்திங் வீட்டு வைஃபை வழியாக மடிக்கணினிக்கு அனுப்பிவிடுகிறது, நடுவில் யாருடைய சர்வரிலும் கோப்பு தங்காது. பணிப் பட்டியல், நேர அலாரம் போன்ற 'புரொடக்டிவிட்டி' ஆப்களை எல்லாம் போட்டுப் பார்த்து நீக்கிவிட்டேன். 3 ஜிபியில் அதற்கெல்லாம் இடமில்லை.

அடுத்த ஞாயிறு அதே சுவருக்குப் போனேன். 135ஆம் எண் மட்டும் தனிக் கோப்பு, தொட்டதும் திறந்தது. பல்லவமல்லன் வரும் இடம் வரைக்கும் படிச்சாச்சு. அதற்கப்புறம் நாலு சிற்பத்தின் எழுத்து அச்சுப் பிரதியிலும் விடுபட்டிருக்கு.