நாட்டியம் கற்க ஆசையா? சேருவதற்கு முன் ஒரு நிமிடம்!



ஆண்டு விழா முடிஞ்ச மறுநாள் நம்ம வகுப்பில் பாதிப் பேருக்கு ஆட்டம் கத்துக்கணும்னு ஆசை வந்துவிடும். வீட்டிலும் உடனே சேர்த்துவிடுவார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் போர்டுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எதைப் பார்த்துச் சேருவது?

என் தங்கைக்கு ஏழு வயசில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இடத்தில் பரதம் சேர்த்தோம். இரண்டே மாதத்தில் மேடை ஏற்றினார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கல! டிரஸ், நகை, மேக்கப், நிகழ்ச்சிக் கட்டணம் என்று அப்பா மில்லில் ஓவர்டைம் பார்த்த பணம் எல்லாம் அதிலேயே போனது. அடுத்த மாதமே அவள், "முட்டி வலிக்குதுக்கா" என்று அழுதாள். போய்ப் பார்த்தால், வெறும் சிமெண்ட் தரையில் ஆட்டம். அரைமண்டி சரியா இருக்கான்னு யாரும் பார்க்கவே இல்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் என்றாலே ஓடி ஒளிய ஆரம்பித்தாள். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவை இவை.

1. முதலில் வகுப்பைப் பாருங்கள்
சுவரில் மாட்டிய போட்டோவையும் கப்பையும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு வகுப்பு முழுசும் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "பெற்றோர் உள்ளே வரக்கூடாது" என்றால் யோசியுங்கள். தப்பாக ஆடும் பிள்ளையை ஆசிரியர் கவனிக்கிறாரா, நன்றாக ஆடும் நாலு பேரை மட்டும் முன்னால் நிறுத்துகிறாரா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

2. தரையைப் பாருங்கள்
பரதத்தில் பாதத்தை ஓங்கித் தட்ட வேண்டும். மண் தரையும் மரத்தளமும் அந்த அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சிமெண்டும் கிரானைட்டும் வாங்காது; அடி திரும்பக் காலுக்கே வரும். அரைமண்டியில் முட்டி இரண்டும் பக்கவாட்டில், பாதம் பார்க்கும் திசையிலேயே விரிய வேண்டும். முன்பக்கம் மடிந்தால் வலி நிச்சயம். மரத்தளம் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் நேரத்தைக் குறைத்து, நடுவில் ஓய்வு கொடுத்து, காலைத் திருத்துகிற ஆசிரியர் கிடைப்பார்.

3. அடவுக்கு எத்தனை மாதம்?
தட்டடவு, நாட்டடவு என்று அடவுகள்தான் பரதத்துக்கு அ, ஆ, இ, ஈ. அது படியாமல் பாட்டுக்கு ஆடுவது, எழுத்து தெரியாமல் கட்டுரையை மனப்பாடம் செய்வது மாதிரி! அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையைத் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தினார்கள். "ஆறே மாசத்தில் அரங்கேற்றம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

4. மொத்தச் செலவையும் கேளுங்கள்
மாதக் கட்டணம் மட்டும் செலவு இல்லை. சலங்கை, டிரஸ், மண்டப வாடகை, பக்கவாத்தியம் எல்லாம் பின்னால் வரும். சாதனைச் சான்றிதழ் என்று கூட்டமாக ஆட வைத்து அதற்கும் பணம் கேட்கும் இடங்கள் உண்டு. "நிகழ்ச்சிக்கு வராவிட்டாலும் வகுப்பு உண்டா?" என்று முதல் நாளே கேளுங்கள்.

5. பாதுகாப்பு
திட்டித் திருத்துவது வேறு, அவமானப்படுத்துவது வேறு. தொட்டுத் திருத்தும்போது பிடிக்கவில்லை என்றால் உடனே வீட்டில் சொல்லுங்கள். பக்கத்து ஊருக்குப் போவதாக இருந்தால், வகுப்பு முடிந்து எந்த பஸ்ஸில், யாரோடு திரும்புவது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள்.

6. எந்த ஆட்டம்?
சினிமா நடனம் கேவலம் இல்லை, பரதம் மட்டும் உசத்தியும் இல்லை. கரகம், ஒயில், தேவராட்டம் எல்லாம் நம்ம தென்மாவட்ட மண்ணின் கலைகள். எது பிடிக்கிறதோ அதை நன்றாகத் தெரிந்தவரிடம் கற்க வேண்டும். எல்லா ஆட்டமும் ஒருவரே சொல்லித் தருகிறார் என்றால், அவர் யாரிடம், எத்தனை வருடம் கற்றார் என்று மரியாதையாகக் கேட்கலாம். தப்பில்லை.

"ஆம்பளப் பையன் ஆடலாமா?" என்று கேட்பவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை செய்வது ஆண்கள்தான். கூம்புக் குல்லாய் வைத்து, கையில் தாளத்தோடு பாசுரம் பாடி அபிநயம் பிடிப்பார்கள். முத்துக்குறி என்ற பகுதியில் தாய், மகள், குறி சொல்பவள் எல்லாம் ஒரே அரையர்தான்! அவர்கள் பரம்பரையாக, சின்ன வயதிலிருந்தே பொறுமையாகக் கற்றவர்கள். இரண்டு மாதத்தில் இல்லை!

தெரிந்து கொள்வோம்!
* விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. பரதநாட்டியம் மூன்று வருடப் படிப்பு. வயது 12 முதல் 25 வரை. கட்டணம் மிகக் குறைவு.
* தமிழ்நாட்டில் பல ஊர்களில் உள்ள ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் கலைகள் கற்கலாம்.
* சென்னை கலாக்ஷேத்ராவை 1936இல் தொடங்கிய ருக்மிணி தேவி, நமக்குப் பக்கத்து மதுரையில் பிறந்தவர்.

என் தங்கை இப்போது வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறாள். இந்த முறை வகுப்பைப் பார்த்த பிறகுதான் சேர்த்தோம். நாலு மாதமாக வெறும் தட்டடவுதான். "எப்பக்கா டான்ஸ் சொல்லித் தருவாங்க?" என்று சலித்துக்கொள்கிறாள். ஆனால் முட்டி வலி இல்லை. சாயங்காலம் யாரும் சொல்லாமலே அடுப்படியில் நின்று "தையா தை" போடுகிறாள். எங்களுக்கு அது போதும்.

மேடை எப்ப வேணும்னாலும் வரும். கால் நமக்கு ரெண்டுதான்!

பார்த்துச் சேருவோம்! ரசித்து ஆடுவோம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு