கடல் இல்லாத கள்ளக்குறிச்சிக்குப் ‘பாண்டி’தான் கடல்!

காலையில் போய் ராத்திரி திரும்பலாம். தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள்

கள்ளக்குறிச்சிக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது. நம்ப முடிகிறதா?

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தபோது கடலூர்தான் மாவட்டத் தலைநகர். 1993–ம் ஆண்டில் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு சேர்ந்தது. அப்போதும் மரக்காணம் கடற்கரை மிச்சம் இருந்தது. 2019 நவம்பர் 26–ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, கடல் போய்விட்டது!

இன்று கல்வராயன் மலை உண்டு, கோமுகி அணை உண்டு, கரும்பு உண்டு. ஒரு அடி கடற்கரை கிடையாது. பிள்ளைகள் “கடலப் பாக்கணும்” என்று அடம் பிடித்தால் அப்பாமார்களுக்கு நினைவு வருவது ஒரே ஊர்தான். பாண்டி!

நேர் பஸ் கிடைத்தால் யோகம். இல்லாவிட்டால் விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும். தூரம் நூறு கிலோ மீட்டருக்கு மேல். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து மலைவாசிகளுக்கு இன்னும் கஷ்டம். அவர்கள் முதலில் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். விடியுமுன் கிளம்பினால்தான் உண்டு.

ஜிப்மர் சீட்டு

ஆனால் நம்மவர்களில் பலர் பாண்டியை முதன்முதலில் பார்த்தது உல்லாசப் பயணமாக அல்ல. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான். 2024 ஜூன் மாதம் கருணாபுரம் விஷச் சாராயத்தில் 60–க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்களே, அப்போதும் உயிருக்குப் போராடியவர்களைக் கொண்டு சென்ற ஆஸ்பத்திரிகளில் ஜிப்மரும் ஒன்று.

டாக்டர் பார்த்தாகி விட்டது, “அடுத்த மாசம் வாங்க” என்று சொல்லியாகி விட்டது. பஸ்சுக்கு நேரம் இருக்கிறது. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சுவரில் காற்று வாங்கும் ஆட்களை அங்கே பார்க்கலாம். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? கடலுக்கு டிக்கெட் கிடையாது.

மணல் எங்கே போச்சு?

பெரியவர்கள், “நாங்க பாண்டி மணல்ல ஓடிப் பிடிச்சு விளையாடினோம்” என்பார்கள். பேரப்பிள்ளைகள், “மணலா? வெறும் பாறைதானே கிடக்கு!” என்பார்கள். இரண்டுமே நிஜம்.

இந்தக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அலைதான் அதை இழுத்துச் செல்கிறது. 1989–ம் ஆண்டில் நகரின் தென்புறத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களை நீட்டினார்கள். வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே போய்ச் சேரவில்லை. ஆனால் அலை சும்மா இருக்குமா? இருந்த மணலையும் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஊரைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள். 2004 டிசம்பர் 26–ந் தேதி சுனாமி வந்தபோது நகரின் நடுப்பகுதி தப்பியதற்கு அந்தப் பாறைச் சுவர் ஒரு காரணம். காரைக்கால் பக்கத்து மீனவர் கிராமங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

2018–ல் சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் உதவியோடு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு ராட்சத இரும்பு அமைப்பை இறக்கினார்கள். அலையின் வேகம் அடங்கியது, மணல் சேர்ந்தது. காணாமல் போன கடற்கரை ஒரு துண்டு திரும்பி வந்துவிட்டது!

வந்ததோடு ஆபத்தையும் கூட்டி வந்தது. மணலைப் பார்த்ததும் காலை நனைக்கிறார்கள். கால் முழங்காலாகிறது, முழங்கால் இடுப்பாகிறது. கோமுகியிலும் கிணற்றிலும் நீச்சல் பழகியவர் கடலில் அதே தைரியத்தைக் காட்டக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் யாரையும் உள்ளே இழுக்காது. அலை இழுக்கும், அதுவும் பாறைக்கு நடுவே. வாலிபர்கள் மூழ்கிச் செத்த செய்திகளை எத்தனை முறைதான் போடுவது?

நம்ம ஊர்க் கல்!

காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை செஞ்சிக் கோட்டையிலிருந்து வந்தவை என்று சொல்லப்படுகிறது. நம்ம பக்கத்துக் கல்! பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டலாம்.

பக்கத்திலேயே 1836–ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். பழைய பாலம் எங்கே என்று தேடாதீர்கள். சினிமாக்காரர்களுக்குப் பிடித்த அந்தத் துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. மணக்குள விநாயகர் கோவில் வாசலில் துதிக்கையால் ஆசீர்வாதம் செய்த லட்சுமி யானையும் இல்லை. 2022 நவம்பர் 30–ந் தேதி காலை நடைப்பயிற்சியின்போது சாய்ந்து இறந்தது. ஊரே அழுதது.

வெயிலைச் சமாளிப்பது எப்படி?

கடற்கரைச் சாலையில் பகலில் நிழல் கிடையாது. அங்கே மத்தியானம் போய் நின்றுவிட்டு, “பாண்டியில என்ன இருக்கு, ஒரே வெயில்!” என்று அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

காலையில் விநாயகரைப் பார்த்துவிட வேண்டும், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, ஒருவர் வெளியே நின்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1908–ம் ஆண்டு முதல் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்த பாரதியாரின் வீடு ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் இருக்கிறது. ஆரோவில், மாத்ரி மந்திர் எல்லாம் ஊருக்கு வெளியே. அதுவும் இதுவும் ஒரே நாளில் ஆகாது.

உச்சி வெயிலுக்குப் பாரதி பூங்காதான் புகலிடம். நடுவே வெள்ளை வெளேர் என்று நிற்பது ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டிய ஆயி என்ற தேவதாசியின் பெயரால் எழுந்ததாம். ராஜாக்களுக்கும் கவர்னர்களுக்கும் சிலை வைத்த ஊரில் தண்ணீர் கொடுத்தவளுக்கும் ஒரு மண்டபம்! மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். வெள்ளைக்காரன் பாணி ஓட்டல்களில் ஒரு காப்பிக்குக் கொடுக்கும் காசில் ஒரு குடும்பமே பொரி கடலை வாங்கித் தின்னலாம் என்பது நமது அபிப்பிராயம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி முழுக்கக் கடை விரித்திருப்பார்கள். சட்டை, பாவாடை, பாத்திரம் எல்லாம் உண்டு. பேரம் பேசத் தெரிய வேண்டும்.

ஆறு மணி ஆனதும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அது நடப்பவர்களின் ராஜ்யம். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் நிற்பார். பட்டாணி சுண்டல் வரும். காற்று வரும்.

கொடுமை என்னவென்றால், கள்ளக்குறிச்சிக்காரர் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்! பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். ஏழு மணி வரை உட்காரலாம், அதற்கு மேல் வேண்டாம். விழுப்புரத்துக்குப் பஸ் அடிக்கடி உண்டு. அங்கிருந்து சேலம் பஸ் பிடிப்பவர்கள் ஏறுமுன் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில பஸ்கள் ஊருக்குள் வராமல் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடப்பது யாரால் ஆகும்?

சீப்பாகக் கிடைக்கிறதே என்று பையில் ‘பாட்டில்’ ஏதும் வேண்டாம். வழியில் செக்போஸ்ட் இருக்கிறது.