கொடி வெறும் துணியா?

கற்பிட்டிக் கடலில் வலை விடும் மீனவர், மிதவைக் கம்பில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுவார். ஒருவருக்குச் சிவப்பு, அடுத்தவருக்குக் கறுப்பும் மஞ்சளும். தூரத்திலிருந்தே "இது நம்ம வலை" என்று கண்டுகொள்ள அது போதும். அந்த மனிதரின் அடையாளம் அந்தத் துணிதான்.

கொடிக்கு நமது மாவட்டத்தில் எப்போதும் தேவை உண்டு. உடப்பு திரௌபதி அம்மன் கோயிலிலும் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்திலும் திருவிழாவுக்குக் கொடி ஏறுகிறது. கிழக்கே கல்முனை கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாகக் கொடியேற்றம் நடக்கிறது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கும், உதைபந்தாட்டக் கழகத்துக்கும் கொடி வேண்டும்.

தேசியக் கொடியையே பாருங்கள். 1948இல் ஏற்றிய சிங்கக் கொடியில் நமக்கென்று ஒரு நிறம் இருக்கவில்லை. பின்னர் ரீ.பி. ஜாயாவும் அங்கம் வகித்த குழு ஆராய்ந்து, 1951இல் முஸ்லிம்களுக்குப் பச்சைப் பட்டையும் தமிழருக்குச் செம்மஞ்சள் பட்டையும் சேர்ந்தன. ஒரு கீற்றுத் துணிக்கு எவ்வளவு பெறுமதி!

இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். புடவைக்கடை வைத்திருந்த காலத்தில் ஒரு ஹாஜியார், பச்சையில் வெள்ளைப் பிறை வைத்த பள்ளிக் கொடி கேட்டு வந்தார். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைத்த துணியை எடுத்தேன். "சாயம் போகாது" என்றார்கள். நனைத்துப் பார்க்காமல் நம்பினேன். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நம் பக்கம் வந்த ஒரு சகோதரி இரண்டு நாள் இருந்து தைத்தார். முதல் மழையிலேயே பிறை பச்சையாகிவிட்டது.

ஹாஜியார் சண்டை பிடிக்கவில்லை. "மகன், இதை ஊரே பார்த்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல துணி எடுத்து, கூலியும் கொடுத்து மறுபடி தைப்பித்தேன். ஆனால், குற்றம் தையலில்தான் என்று ஊர் பேசியது. அந்தச் சகோதரியிடம் பிறகு கொடி வேலை வரவேயில்லை. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். நான் மறைக்கவில்லை, சோதிக்காமல் விற்றேன். வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே, கொடி ஓடர் எடுப்பவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். துணியில் ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மண்டபத்துக்குப் பருத்தி நல்லது. வெளியில் பறப்பதற்கு நைலோன் அல்லது பொலியெஸ்டர் பாரம் குறைவு, சீக்கிரம் காயும். பிறையை ஒரு பக்கம் வைத்துத் தைத்து, பின்பக்கப் பச்சைத் துணியைக் கவனமாக வெட்டி எடுத்தால் இருபுறமும் வெள்ளை தெரியும். சோழகக் காற்றில் முதலில் கிழிவது கம்பத்துக்கு எதிர் ஓரம். அதை இரண்டு மடிப்பாக மடித்து மூன்று நான்கு வரிசை தையுங்கள்.

அச்சடித்த கொடி ஆயிரக்கணக்கில் மலிவாக வருகிறது. அதோடு விலையில் போட்டியிட முடியாது. ஒரு கழகத்துக்கோ ஒரு வள்ளத்துக்கோ ஒரேயொரு கொடி வேண்டுமென்றால் அது நம்மூர்த் தையல் மெஷினுக்குரிய வேலை. வாடிக்கையாளரையே வரைந்து தரச் சொல்லுங்கள். யார்க் கணக்கில் அல்லாமல் வேலைக் கணக்கில் விலை பேசுங்கள். தைத்தவருக்குரிய கூலியைக் குறைக்காதீர்கள்.

கொடி கேட்டு வருபவர் தன் மானத்தையும் சேர்த்தே நம் கையில் தருகிறார். நனைத்துப் பார்த்துவிட்டு விற்போம்.