பதக்கத்துக்கு முன் உடல்நலம்: சிறார் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கு வழிகாட்டும் புனே மரபு

புனே: உடல் பருமன், ஊட்டச்சத்துக் குறைபாடு ஆகிய இரண்டும் ஒரே காலத்தில் குழந்தைகளைப் பாதித்து வரும் நிலையில், வீட்டுக்கு அருகிலுள்ள ஜிம்னாஸ்டிக்ஸ், மல்லர் கம்பப் பயிற்சி மையங்கள் அவற்றை எதிர்கொள்ள உதவக்கூடும். எடையைக் குறைப்பதை விடுத்து, உடலை வலுப்படுத்துவதையும் போதிய அளவு உண்பதையும் அவை சேர்த்துக் கற்றுத்தந்தால் மட்டுமே இது சாத்தியமாகும்.

இரட்டைச் சுமை

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மகாராஷ்டிரத்தில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.2 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். அதே வயதினரில் அதிக எடை கொண்டவர்களின் விகிதம், 2015-16 ஆய்வில் இருந்த 1.9 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாக உயர்ந்துள்ளது.

வளர்ந்த சிறாரிடையே உடலுழைப்பின்மை மற்றொரு சிக்கலாகும். 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும். வாரத்தில் 3 நாள்களாவது தசை, எலும்புகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை என்று உலக சுகாதார அமைப்பு 2020-இல் பரிந்துரைத்தது. 2016 தரவுகளின்படி, உலகில் 11-17 வயதினரில் 81 சதவீதத்தினர் போதிய உடல் இயக்கமின்றி இருந்தனர். இந்தியாவில் இது நான்கில் மூன்று பங்கு என்ற அளவில் இருந்தது.

பேஷ்வா காலத் தொடர்ச்சி

'தாலீம்' எனப்படும் உடற்பயிற்சிக் கூடங்கள் புனேயின் பழைய பேட்டைகளில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் காலத்தில், அவரது அவையைச் சேர்ந்த பாலம்பட்ட தாதா தேவ்தர் மல்லர் கம்பக் கலைக்குப் புத்துயிர் அளித்ததாக மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன.

1924-இல் கேப்டன் சிவராம்பந்த் தாம்லே புனேயில் நிறுவிய மகாராஷ்டிரிய மண்டல் அமைப்பு, உடற்கல்வியைப் பொதுக் கல்வியின் அங்கமாக முன்னெடுத்தது. 2019 ஜனவரியில் 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் புனேயின் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் நடைபெற்றன. 2022-இல் ஹரியாணாவின் பஞ்ச்குலாவில் நடந்த இப்போட்டிகளில் மல்லர் கம்பமும் சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் இக்கலைக்கு விழுப்புரம் பெயர் பெற்றது.

உடலுக்குக் கிடைப்பது என்ன?

உருளுதல், தொங்குதல், கைகளை ஊன்றி நிற்றல், குதித்துச் சமநிலையில் இறங்குதல் ஆகியவை ஜிம்னாஸ்டிக்ஸின் அடிப்படைப் பயிற்சிகள். இவற்றில் குழந்தை தன் உடல் எடையைத் தானே தாங்குகிறது. இதனால் தசைகளும் எலும்புகளும் உறுதி பெறுகின்றன. உடலின் சமநிலையும் ஒருங்கிணைப்பும் மேம்படுகின்றன. மல்லர் கம்பத்துக்குத் தேவையான முதன்மைக் கருவி, விளக்கெண்ணெய் பூசப்பட்ட ஒரு மரக்கம்பம் அல்லது ஒரு கயிறு மட்டுமே. எனவே, குறைந்த வசதியுள்ள பள்ளிகளிலும் தகுதியான பயிற்றுநரும் மெத்தைகளும் இருந்தால் இதைத் தொடங்க இயலும்.

தட்டில் இருக்க வேண்டியவை

பயிற்சி பெறும் குழந்தைக்கு விலையுயர்ந்த சத்து மாவுகள் தேவையில்லை. மகாராஷ்டிரத்தில் வழக்கத்தில் உள்ள சோள ரொட்டியான 'பாக்ரி', முளைகட்டிய பயறில் செய்யும் 'உசள்', பால், முட்டை, வாழைப்பழம், கடலை மிட்டாய் ஆகியவையே மாவுச்சத்தையும் புரதத்தையும் அளிக்கக்கூடியவை. தமிழகத்தில் கேழ்வரகு, கம்பு, சுண்டல் ஆகியவற்றை அவற்றுக்கு இணையாகக் கொள்ளலாம்.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை விதிக்கின்றன. பயிற்சி மையங்களும் இதைத் தாமாகப் பின்பற்றினால், பயிற்சி முடிந்து பசியுடன் வெளியே வரும் குழந்தை முதலில் காண்பது பொரித்த தின்பண்டமாக இராது.

எடை இயந்திரம் தரும் ஆபத்து

மெலிந்த உடலே சிறந்தது என்ற எண்ணம் இவ்விளையாட்டின் நெடுநாள் குறைபாடாகும். உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது எலும்பு பலவீனமடைதல், மாதவிடாய் தடைபடுதல், வளர்ச்சி குன்றுதல் ஆகியவை நேரிடலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2014-இல் இதனை 'விளையாட்டில் சார்பு ஆற்றல் குறைபாடு' என வரையறுத்தது. இளம் வயதினரைப் பாதுகாக்கும் நோக்கில், மகளிர் மூத்தோர் பிரிவின் குறைந்தபட்ச வயது 1997-இல் 16 ஆக உயர்த்தப்பட்டது.

எனவே, ஒரு மையத்தைத் தேர்வு செய்யும் முன் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. குழந்தைகளின் எடை பிறர் முன்னிலையில் அளக்கப்படுகிறதா? பயிற்சியைப் பெற்றோர் நேரில் காண அனுமதி உண்டா? மெத்தைகளும் முதலுதவி வசதியும் உள்ளனவா? வலி என்று கூறும் குழந்தைக்கு ஓய்வு தரப்படுகிறதா? உணவைக் குறைக்குமாறு பயிற்றுநர் கூறினால், அதற்கு முன் குழந்தைகள் நல மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவின் தீபா கர்மாகர் வால்ட் பிரிவில் 4-ஆம் இடம் பெற்ற பின்னர், இந்தியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் மீதான கவனம் அதிகரித்தது. அந்த உயரத்தை எட்டுவோர் மிகச் சிலரே. ஆனால், கம்பத்தில் ஏறக் கற்கும் ஒவ்வொரு குழந்தையும் வலுவான உடலையும் நல்ல உணவுப் பழக்கத்தையும் பெற முடியும். உள்ளூர் மையங்களின் வெற்றியை அளக்க அதுவே உரிய அளவுகோல்.